போகியன்று பழையதைக் கேட்ட டிஸ்க்

2010 ஜனவரி 13, புதன்கிழமை. போகி. சித்தி பரணிலிருந்து இறக்கிய சாமான்களை வாசல் பக்கம் குவித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் நானும் சித்தப்பாவும், முந்தைய இரவு விண்டோஸ் 7 போட்ட புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். திரையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு பிழை எண்: 0எக்ஸ்சி004எஃப்061. கீழே நீளமான ஓர் ஆங்கில வாக்கியம். அதன் சாரம் இதுதான்: நீ கொடுத்த சாவி (விண்டோஸ் பெட்டியோடு வரும் 25 எழுத்துக் குறியீடு), இருப்பதை மேம்படுத்த மட்டும், வெற்று ஹார்டு டிஸ்க்கில் புதிதாகப் போடுவதற்கு இல்லை.

"என்னடா சொல்லுது?"

"பழைய விண்டோஸ் எங்கேன்னு கேக்குது சித்தப்பா."

"போகி அன்னைக்கா கேக்கணும்?"

அந்த நேரத்தில் பழைய விண்டோஸ், அதாவது எக்ஸ்பி ஹோம் பெட்டி, வாசல் குவியலில் ஒரு கிழிந்த பாய்க்கும் ஓட்டை பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவில் கிடந்தது. ஓடிப் போய் எடுத்து வந்தேன். அட்டையில் ஒரு மூலையைச் செல் அரித்திருந்தது. உள்ளே சிடியும் சாவி ஒட்டிய உறையும் பத்திரமாக இருந்தன. கதையில் இந்தப் பெட்டிக்கு வேலை உண்டு.

பெட்டியும் டிஸ்க்கும்

சித்தப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலையில் இருந்தவர். 2002 தொடக்கத்தில் அங்குள்ள சிம் லிம் ஸ்கொயர் கம்ப்யூட்டர் கடைகளில் எக்ஸ்பி ஹோமை முழுப் பெட்டியாக, முழு விலைக்கு வாங்கினார். நம் ஊரில் அப்போது வீட்டுக்கு அப்படி வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊர் திரும்பியதும் ஒரு பென்டியம் 4 பெட்டியை அசெம்பிள் செய்து அதில் போட்டுக்கொண்டார். ஏழு வருடம் ஓடியது. கடைசியில் மதர்போர்டில் நாலைந்து கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, ஸ்கைப்பில் பேத்தி முகம் வரும்போதெல்லாம் பெட்டி உறைந்துபோகத் தொடங்கியது. அதற்கு மேல் அவருக்குப் பொறுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னை ரிச்சி தெருவில் பாதிக் கம்ப்யூட்டர் கடைகள் ஷட்டர் இறக்கியிருக்கும் என்பதால் 9ஆம் தேதி சனிக்கிழமையே போய் வந்தோம். ஏஎம்டி அத்லான் 2 எக்ஸ்2 240 பிராசசர், 785ஜி சிப்செட் போர்டு, 2 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி சாட்டா ஹார்டு டிஸ்க், டிவிடி ரைட்டர், கேபினெட். பில் போடும்போது கடைப் பையன் வழக்கமான கேள்வியைக் கேட்டான்: "ஓஎஸ் போட்டுத் தரவா சார்?" கம்பெனி மெஷின் வாங்கினால் விண்டோஸ் உள்ளேயே வரும், அப்போதெல்லாம் முதுகில் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். அசெம்பிள்டு பெட்டிக்குப் பிறந்த தேதியும் கிடையாது, பரம்பரையும் கிடையாது. கடைக்காரர் பாவம், பெட்டி ஓடினால்தானே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவார். சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்ககிட்ட ஒரிஜினலே இருக்கு தம்பி" என்றார்.

அந்த ஒரிஜினல் நியூஜெர்சியிலிருந்து வந்தது. 2009 ஜூன் 26 முதல் ஜூலை 11 வரை அமெரிக்காவில் விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தின் அப்கிரேட் பதிப்பை முன்பதிவுக்கு 49.99 டாலருக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அதே பெட்டி 119.99 டாலர். அப்கிரேட் அல்லாத முழுப் பதிப்பு 199.99 டாலர். அத்தை பையன் முன்பதிவில் இரண்டு பெட்டி எடுத்து, பொங்கலுக்கு வந்தபோது ஒன்றைச் சித்தப்பா கையில் கொடுத்துவிட்டான். அட்டையில் 'அப்கிரேட்' என்ற சொல் பெரிதாகத்தான் இருந்தது. அதைப் படித்தேன், பொருட்படுத்தவில்லை. இந்தக் கதையில் தவறு யார் பக்கம் என்று கேட்டால் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

செவ்வாய் இரவு

பெட்டியைப் பூட்டியது பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்பக்கப் பேனலின் பொடி ஒயர்களை எந்தக் குச்சியில் மாட்டுவது என்று வழக்கம்போல அரைமணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்தோம். மற்றதெல்லாம் தானாக உட்கார்ந்தது.

விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வரும் போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸில் மட்டும் ஒரு முடிவு எடுத்தேன். சாட்டா டிஸ்க் எப்படிப் பேச வேண்டும் என்ற இடத்தில் போர்டு 'நேட்டிவ் ஐடிஇ' என்று வைத்திருந்தது. அந்தப் பழைய முறையிலிருந்து ஏஹெச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றினேன். விண்டோஸ் 7க்குள் அதற்கான டிரைவர், அதாவது அதோடு பேசத் தெரிந்த நிரல், உண்டு, பின்னால் மாற்றுவதுதான் தலைவலி என்பதால் முதலிலேயே செய்தேன். செய்தது சரிதான். ஆனால் மறுநாள் அதுவே குறுக்கே வந்து நின்றது.

பெட்டிக்குள் இரண்டு டிவிடி, ஒன்று 32 பிட், இன்னொன்று 64 பிட். சாவி இரண்டுக்கும் ஒன்றுதான். 4 ஜிபி ரேமை 32 பிட் முழுதாகத் தொடாது. அதிலும் கிராஃபிக்ஸ் போர்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டியில் அது தன் பங்கை வேறு எடுத்துக்கொள்ளும். ஆகவே 64 பிட். இதில் ஒரே இழப்பு, பழைய பெட்டியில் இருந்த டிவி ட்யூனர் கார்டு. அதன் டிரைவர் டிஜிட்டல் கையெழுத்து இல்லாதது, 64 பிட் விண்டோஸ் 7 அதைக் கர்னல் என்ற தன் உள்மையத்தின் பக்கம் சேர்த்துக்கொள்ளாது. சித்தப்பாவுக்கு அது ஒரு பொருட்டில்லை. இரவு எட்டு மணிக்கு ஹால் டிவியில் கிரிக்கெட் ஓடும்போது உள்ளறைக் கம்ப்யூட்டரில் சீரியல் பார்த்துவந்த சித்திக்குத்தான் அடி.

டிவிடியிலிருந்து பூட் செய்து, 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 500 ஜிபி வெற்று டிஸ்க்கை அப்படியே கொடுத்தேன். அது முன்னால் 100 எம்பியைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டு மீதியில் இறங்கியது. சாவி கேட்ட கட்டத்தை வெறுமையாக விட்டு 'நெக்ஸ்ட்' அழுத்தினேன். காரணம் தொழில்நுட்பம் இல்லை. சாவி ஒட்டிய பெட்டி பீரோவுக்குள், பீரோ சாவி தூங்கிக்கொண்டிருந்த சித்தியின் இடுப்பில். சாவி இல்லாமலும் விண்டோஸ் 7 உள்ளே வரும், 30 நாள் அவகாசம் கொடுக்கும். நள்ளிரவுக்குள் டெஸ்க்டாப் வந்துவிட்டது. சவுண்டு, நெட்வொர்க் எல்லாம் தானாகவே பிடித்திருந்தது. சித்தப்பா அந்த நீலப் பின்னணியில் இருந்த விண்டோஸ் சின்னத்தை ரசித்தபடி தூங்கப் போனார்.

காலையில் சாவியை உள்ளிட்டதும்தான் அந்தப் பிழை எண்.

டிஸ்க் ஏன் இப்படிக் கேட்கிறது

எனக்கு அப்கிரேட் டிஸ்க் புதிதல்ல, அதுதான் வினை. விண்டோஸ் 98 அப்கிரேட் சிடியை வெற்று டிஸ்க்கில் போட்டால், நடுவில் நிறுத்தி "பழைய விண்டோஸ் டிஸ்க்கைக் காட்டு" என்று கேட்கும். 95 சிடியையோ 3.1 ஃப்ளாப்பியையோ ஒரு தடவை செருகி எடுத்தால் போதும், மேற்கொண்டு போய்விடும். எக்ஸ்பி அப்கிரேடும் அப்படியே. 98, எம்இ, என்டி 4.0, 2000 இவற்றில் ஒன்றின் சிடியைக் காட்டினால் திருப்தி. ரேஷன் கடையில் கார்டை நீட்டுவது மாதிரி. பழையது ஹார்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நான் பழகியது இந்தக் காலத்து வழக்கம்.

2007 ஜனவரி 30 அன்று விஸ்டா கடைக்கு வந்தபோது இந்த வழக்கம் போய்விட்டது. சிடியைக் காட்டு என்று கேட்பதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஓடிக்கொண்டிருக்கும் பழைய விண்டோஸுக்குள்ளிருந்துதான் அப்கிரேடைத் தொடங்க வேண்டும் என்று வைத்தார்கள். கார்டை நீட்டினால் போதாது, ஆளே வந்து நிற்க வேண்டும். அதனால் ஹார்டு டிஸ்க் கெட்டுப் புதிதாகப் போட நினைத்தவர்களும், அசெம்பிள் செய்பவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள். அந்த ஆண்டே ஒரு குறுக்கு வழியும் பரவியது. சாவியில்லாமல் விஸ்டாவை ஒரு முறை போடு, அதற்குள்ளிருந்து அதே டிஸ்க்கை மறுபடி ஓட்டி, 'அப்கிரேட்' என்று தேர்ந்தெடுத்து, இந்த முறை சாவியைக் கொடு. விஸ்டாவுக்கு விஸ்டாவே பழைய விண்டோஸாகச் சாட்சி சொல்லும்.

2009 அக்டோபர் 22 அன்று வந்த விண்டோஸ் 7 கொஞ்சம் இறங்கி வந்தது. டிவிடியிலிருந்து நேராக பூட் செய்யலாம், டிஸ்க்கில் ஏற்கெனவே எக்ஸ்பியோ விஸ்டாவோ இருந்தால் அதைக் கண்டுகொள்ளும். எக்ஸ்பியிலிருந்து வருபவர்களுக்கு எப்படியும் மேலேயே போடும் வசதி கிடையாது. 'கஸ்டம்' வழியாகத்தான் போக வேண்டும், பழைய கோப்புகள் ஒரு தனி ஃபோல்டருக்குள் ஒதுக்கப்படும். ஆனால் முதலில் டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டு வந்தாலோ, என் பெட்டியைப் போல டிஸ்க்கே புத்தம்புதியது என்றாலோ, பார்க்க ஒன்றும் இருக்காது. அப்போது நிறுவல் நடக்கும், ஆக்டிவேஷன் (சாவியைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்வது) நடக்காது.

இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டேன். டிவிடியில் ஒரு குறையும் இல்லை. முழுப் பதிப்பின் டிவிடிக்கும் அப்கிரேட் டிவிடிக்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் சாவியில் இருக்கிறது. ஆகவே நண்பர் ஒருவர் போனில் சொன்ன "வேற டிவிடி போட்டுப் பாரேன்" என்ற யோசனையை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டேன். அரைநாள் மிச்சம்.

எக்ஸ்பியைச் சாட்சிக்கு அழைத்த இரவு

நேர்மையான வழி கண் முன்னால் இருந்தது. செல் அரித்த பெட்டியில் உள்ள எக்ஸ்பியை முதலில் போடு, அதன் மேல் 7ஐப் போடு. புதன் இரவு பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டுகிற சத்தத்துக்கு நடுவே எக்ஸ்பி சிடியைச் செருகினேன்.

நீலத் திரை, கீழே டிரைவர்கள் வரிசையாக ஏறும் எழுத்துகள், 'விண்டோஸைத் தொடங்குகிறது' என்ற வரி, அதோடு நின்றது. 0எக்ஸ்0000007பி. டிஸ்க்கை என்னால் தொட முடியவில்லை என்று எக்ஸ்பி சொல்லும் மொழி அது. முதல் நாள் நான் மாற்றிய ஏஹெச்சிஐதான் காரணம். 2001இல் வெளிவந்த எக்ஸ்பிக்கு அதன் டிரைவர் கிடையாது. தொடக்கத்தில் எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியில் கொடுக்க வேண்டும். புதுக் கேபினெட்டில் ஃப்ளாப்பிக்கு ஓட்டை இருந்தது, டிரைவ் இல்லை.

பயாஸுக்குப் போய் ஐடிஇக்குத் திருப்பினேன். இந்த முறை எக்ஸ்பி டிஸ்க்கைப் பார்த்தது. பார்த்த விதம்தான் விபரீதம். 500 ஜிபி டிஸ்க்குக்கு அது காட்டிய அளவு 131069 எம்பி.

எங்கேயோ பார்த்த எண் என்று தோன்றியது. எக்ஸ்பியின் முதல் வெளியீட்டுக்கு 28 பிட் முகவரி மட்டும்தான் தெரியும், அதைக் கொண்டு 137 ஜிபிக்கு, அதாவது எக்ஸ்பி எண்ணும் கணக்கில் ஏறக்குறைய அதே 131069 எம்பிக்கு, மேல் எண்ண முடியாது. 2002 செப்டம்பரில் வந்த சர்வீஸ் பேக் 1 என்ற திருத்தத் தொகுப்புதான் அந்தத் தடையை நீக்கியது. சித்தப்பா சிடி வாங்கியது அதற்குச் சில மாதம் முன்னால். கடல் தெரியாதவன் கிணற்றை அளந்து சொன்ன கதை. அளவு தப்பாகத் தெரிகிற ஒருவனை ஏற்கெனவே 7 உட்கார்ந்திருக்கும் டிஸ்க்கில் பார்ட்டிஷன் பிரிக்க விடக் கூடாது. எஃப்3 அழுத்தி வெளியே வந்தேன்.

வந்த அவசரத்தில் பயாஸைத் திரும்ப ஏஹெச்சிஐக்கு மாற்ற மறந்துவிட்டேன். விண்டோஸ் 7உம் அதே 7பி எண்ணைக் காட்டி விழுந்தது. ஏஹெச்சிஐயில் நிறுவிய 7 ஐடிஇ டிரைவரோடு எழுந்திருக்காது. சித்தப்பா பின்னாலிருந்து, "இதுவும் போச்சா?" என்றார். மாற்றியதும் எழுந்தது. அந்த இரண்டு நிமிடம் என் வயிற்றில் என்ன ஓடியது என்று அவரிடம் சொல்லவில்லை.

எக்ஸ்பி வழியை முழுக்கக் கைவிட வேண்டியதில்லைதான். சர்வீஸ் பேக் 3ஐயும் சாட்டா டிரைவரையும் சிடியோடு கலந்து புதிதாக ஒரு சிடி எழுதலாம், நான் முன்பு செய்திருக்கிறேன். ஆனால் 40 நிமிடம் கழித்து அழிக்கப்போகிற ஒரு எக்ஸ்பிக்கு, வந்து "நான் இருந்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதற்கு, இத்தனை சீர்வரிசை எதற்கு?

ஒன்றைப் பூஜ்யமாக்கியது

மிச்சம் இரண்டு வழி. ஒன்று விஸ்டா காலத்து இரட்டை நிறுவல். இது விண்டோஸ் 7இலும் செல்லும். ஆனால் மேலேயே போடும் அப்கிரேட், புது நிறுவலைவிட நெடுநேரம் பிடிக்கும், யுபிஎஸ் பேட்டரி கிழடாகிவிட்ட வீட்டில் அவ்வளவு நேரத்தை நம்பி உட்கார எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் வழி.

இதன் உள்விவகாரம் சுவையானது. டிவிடியிலிருந்து பூட் செய்து நிறுவினால், "நான் இப்படித்தான் வந்தேன்" என்று விண்டோஸ் 7 தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், செட்டப், அதற்குள் ஓஓபிஇ என்ற கிளை. அங்கே 'மீடியா பூட் இன்ஸ்டால்' என்று சேர்த்தெழுதிய ஒரு பெயர், அதன் மதிப்பு 1. ஆக்டிவேஷன் பார்ப்பது இந்த 1ஐத்தான். அதைப் பூஜ்யமாக்கினால், பழைய விண்டோஸுக்குள்ளிருந்து தொடங்கிய நிறுவல் என்று எடுத்துக்கொள்ளும்.

மாட்டுப் பொங்கல் அன்று, வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மயக்கத்தில் வீடே அடங்கியிருந்தபோது செய்தேன். முதலில் 1ஐ 0 ஆக்கினேன். பிறகு ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்டை ரைட் கிளிக் செய்து அட்மினாகத் திறந்தேன். அட்மினாகத் திறக்காவிட்டால் அடுத்த கட்டளை எடுபடாது. எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, ரீஆர்ம். என்டர். சில நொடிகள் எதுவுமே நடக்காது, தட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வரும். அதன் பிறகு வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் செய் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். இது ஆக்டிவேஷன் கணக்கைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் கட்டளை. 30 நாள் அவகாசத்தை மறுபடி வாங்கித் தரவும் இதையேதான் பயன்படுத்துவார்கள், மூன்று தடவை வரை. ஆகவே ஒரு தடவை வீணானால் தலை போய்விடாது.

எனக்கு ஒரு தடவை வீணானது. ரீஸ்டார்ட் ஆகி வந்து சாவியைக் கொடுத்தால் மறுபடி அதே 061.

ஸ்டார்ட் மெனுவைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. ஷட் டவுன் பொத்தானின் மேல் சின்னதாக ஆரஞ்சு நிறக் கேடயம் ஒன்று ஒட்டியிருந்தது. அப்டேட் ஏதோ பாதியில் காத்திருக்கிறது என்று அர்த்தம். அப்டேட் வரிசையில் நிற்கும்போது ரீஆர்ம் ஒழுங்காகப் பிடிக்காது. அப்டேட்டை முழுக்க ஓடவிட்டேன், இரண்டு முறை ரீஸ்டார்ட். கேடயம் போன பிறகு ரெஜிஸ்ட்ரியைத் திறந்து மதிப்பு 0தானா என்று பார்த்துக்கொண்டு, ரீஆர்ம், ரீஸ்டார்ட், சாவி. திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடி முடிந்தது. ஆக்டிவேஷன் ஆனது.

சித்தப்பாவை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு திரையைப் படித்தவர், "ஒரு நம்பரை மாத்துனதுக்கா மூணு நாள்?" என்றார். ரிப்பேர் வேலை செய்கிற யாருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானது.

கீழ் வீட்டுப் பையனின் கேள்வி

இதோடு முடித்துவிட்டால் இது வெறும் தந்திரக் குறிப்பு. மறுநாள் காணும் பொங்கல் அன்று கீழ் வீட்டுப் பையன் வந்தான். பாலிடெக்னிக் முதல் வருடம். நான் செய்ததைக் கேட்டுவிட்டு உடனே பிடித்துக்கொண்டான்: "அப்ப பழைய விண்டோஸே இல்லாதவனும் இதையே செஞ்சா ஆக்டிவேட் ஆகும்தானே அண்ணா?"

ஆகும். அந்த 0 எழுதுவது யார் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசம் ரெஜிஸ்ட்ரியில் இல்லை, செல் அரித்த அந்த அட்டைப் பெட்டியில் இருக்கிறது. அப்கிரேட் விலை என்பது முன்பே ஒரு விண்டோஸுக்குக் காசு கொடுத்தவருக்கான சலுகை. சித்தப்பாவின் எக்ஸ்பி கடையில் தனியாக வாங்கிய முழுப் பதிப்பு. அதை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக உரிமை உண்டு. அதுவே மெஷினோடு சேர்த்து விற்கும் ஓஇஎம் பதிப்பாக இருந்திருந்தால் அது பழைய பென்டியம் 4இன் மதர்போர்டோடு கட்டுண்டது, புதுப் பெட்டிக்கு வராது. அப்போது அதே டிவிடி, அதே சாவி, அதே பச்சைக் கோடு எல்லாம் வந்திருக்கும், அடியில் உரிமை மட்டும் இருந்திருக்காது. ஆக்டிவேஷன் ஆகிவிட்டால் உரிமம் சரி என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்களிலேயே நிறைய பேர். நானும் அந்த வாரம் வரை அப்படித்தான் இருந்தேன்.

உரிமத்துக்கு இன்னொரு முனையும் உண்டு, அதைப் பலர் படிப்பதில்லை. அப்கிரேட் செய்தபின், எதிலிருந்து அப்கிரேட் செய்தாயோ அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விண்டோஸ் 7 ஒப்பந்தமே சொல்கிறது. எக்ஸ்பி 7க்குள் கரைந்துவிட்டது. அப்படியென்றால் பழைய பென்டியம் 4இல் எக்ஸ்பி இருக்க முடியாது. அந்தப் பெட்டியைச் சித்தப்பா ஏற்கெனவே கீழ் வீட்டுப் பையனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"எக்ஸ்பியோட குடுத்துடேன்டா, யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் சித்தப்பா.

"சிங்கப்பூர்ல முழுக் காசு குடுத்து வாங்கினவர் கேக்குற கேள்வியா இது?"

சிரித்துவிட்டார். உப்பிய கெப்பாசிட்டர்களை மாற்றி, டிஸ்க்கைத் துடைத்து, உபுண்டு 9.10ஐப் போட்டுக் கொடுத்தோம். அது எந்தப் பழையதையும் கேட்கவில்லை. பையன் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், கேம் ஓடவில்லை என்று. பிறகு அதிலேயே சி புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டான்.

மறுபடி இந்த வேலை வந்தால் என்ன மாற்றிச் செய்வேன் என்று யோசித்ததுண்டு. அட்டையைப் படிப்பது முதல் வேலை, அது சொல்லத் தேவையில்லை. ஏஹெச்சிஐ, 64 பிட் என்ற இரண்டு முடிவுகளையும் மாற்ற மாட்டேன். எக்ஸ்பியைத் தேடிப் போன இரவு முழு வீண். போட்ட முதல் இரவே அப்டேட்டை எல்லாம் ஓட்டி முடித்துவிட்டு, அதன் பிறகுதான் சாவியைத் தொடுவேன். சாவி பெட்டியை மட்டும் பீரோவில் வைக்க மாட்டேன்.

அதற்குப் பின்

சித்தப்பா அந்தச் சாவியின் 25 எழுத்துகளையும் டைரியில், எல்ஐசி பாலிசி எண்ணுக்குக் கீழே, ஐந்தைந்தாகப் பிரித்து எழுதி வைத்தார். அது வீண் போகவில்லை. 2015 ஜூலை 29 முதல் ஓராண்டு விண்டோஸ் 10 இலவசமாகக் கிடைத்தபோது பெட்டி 10க்குப் போனது. இந்த முறை எந்தச் சாவியும் அடிக்கவில்லை. 'முன்னால் என்ன இருந்தது' என்ற பதில், டிஸ்க்கிலும் சிடியிலும் இல்லாமல் மதர்போர்டின் அடையாளத்தோடு சேர்த்து அவர்கள் சர்வரில் பதிவாகிவிட்டது.

அந்த ஏற்பாட்டின் மறுபக்கம் 2018இல் மதர்போர்டு செத்தபோது தெரிந்தது. புது போர்டு, பழைய டிஸ்க். விண்டோஸ் 10 எழுந்து ஓடியது, ஆனால் இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை என்றது. எல்ஐசி பக்கத்தைத் திறந்து அந்த விண்டோஸ் 7 அப்கிரேட் சாவியை அப்படியே அடித்தேன். 2015 நவம்பரில் வந்த பதிப்பிலிருந்து 10 தன் இடத்திலேயே 7, 8 சாவிகளை வாங்கிக்கொள்ளும். எந்தப் பூஜ்யமும் ஒன்றும் எழுதத் தேவையில்லாமல் ஆக்டிவேட் ஆனது. எட்டு வருடத்துக்கு முன் வெற்று டிஸ்க்கில் செல்லாது என்று திருப்பி அனுப்பிய அதே 25 எழுத்துகள்.

2023 செப்டம்பரில் அந்த வாசலையும் மூடினார்கள். இப்போது 7 சாவியைக் கொடுத்து 10ஐப் புதிதாகத் திறக்க வழியில்லை.

அந்த அட்டைப் பெட்டி மட்டும் பரணில் இருந்தது. ஒவ்வொரு போகிக்கும் சித்தி அதைக் கையில் தூக்கிக் காட்டி, "இது?" என்பார். "இருக்கட்டும்" என்பேன். 2024 போகியில் நானே இறக்கினேன். அட்டை குப்பைக்குப் போனது, உறையைக் கிழித்துப் போட்டேன். சிடியைச் சித்தி வாங்கிக்கொண்டார். விளிம்பு வரை ஹாலோகிராம் போட்ட சிடி, வெயிலில் நன்றாக மின்னும். பால்கனிக் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். துணி காயப்போடும் பக்கம் புறா வருவதில்லை.